அம்மா வழியில் தொலைந்த பாட்டிகளைத் தேடுவது: பதிவேடு என்ன தரும், டிஎன்ஏ என்ன தரும்

கேள்வி இதுதான்: அப்பா வழியில் ஏழு தலைமுறை வரை பெயர், தேதி, ஊர் எல்லாம் கிடைத்துவிட்டது. அம்மா வழியில் மட்டும் கொள்ளுப்பாட்டியோடு, அதாவது அம்மாவுடைய அம்மாவின் அம்மாவோடு, எல்லாம் நின்றுவிட்டது. அவருடைய பெயரும் கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்த குடும்பப் பெயரும் தெரியும். பிறந்த வீடு எது, பெற்றவர்கள் யார் என்று தெரியாது. பாட்டியின் தங்கை ஒருவர் இன்னும் இருக்கிறார். எந்த டிஎன்ஏ டெஸ்ட் வாங்கினால் விடை கிடைக்கும்?

எந்த டெஸ்டும் தனியாக ஒரு பெயரைக் கொண்டுவந்து தராது. உயிரோடு இருக்கும் இரண்டு பேர் எவ்வளவு நெருங்கிய உறவு என்பதைத்தான் டிஎன்ஏ சொல்லும், பெயர் எப்போதும் ஏதோ ஒரு பதிவேட்டிலிருந்துதான் வரவேண்டும். ஆகவே இரண்டையும் சேர்த்துத்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும், அதிலும் ஒரு வரிசை இருக்கிறது. உங்கள் கேள்வியிலேயே மிக முக்கியமான விஷயம் டெஸ்ட் பற்றியது அல்ல, பாட்டியின் தங்கை இருக்கிறார் என்பதுதான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் பதிவேடுகள். அம்மா வழி ஏன் தொலைகிறது என்று யோசித்தால் எங்கே தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். மனைவி கணவனின் குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ளும் இடங்களில் ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒரு பெயர் அறுந்துபோகிறது. அப்பா வழியில் ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு இருநூறு வருடம் பின்னால் போகலாம், அம்மா வழியில் ஒவ்வொரு தலைமுறைக்கும் புதுப் பெயர் வேண்டும். அது போக, சொத்து, வரி, ராணுவம், ஓட்டு என்று பழைய பதிவேடுகள் எதற்காக எழுதப்பட்டனவோ அவை பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருந்தன. அந்தப் பெண்கள் பதிவாகவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பதிவாகியிருக்கிறார்கள், மற்றவர்களுடைய காகிதத்தின் ஓரத்தில்.

அதனால் கொள்ளுப்பாட்டியின் பெயரை மட்டும் தேடல் பெட்டியில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள். அவருடைய பிள்ளைகள் ஒவ்வொருவருடைய பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவையும் தனித்தனியாக வாங்குங்கள். உங்கள் பாட்டியின் பதிவு மட்டும் போதாது. ஒரே தாய்க்குப் பிறந்த ஆறு பிள்ளைகளில் ஐந்து பேருடைய பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் விடுபட்டிருக்கும், ஆறாவதில் இருக்கும். அல்லது ஆறிலும் ஆறு விதமாக எழுதியிருப்பார்கள், அந்த ஆறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் உண்மையான பெயர் எது, எழுத்தர் காதில் விழுந்தது எது என்று புரியும். சின்ன வயதிலேயே இறந்துபோன குழந்தைகளின் பதிவையும் விடக்கூடாது, பலர் விட்டுவிடுகிறார்கள்.

எந்த நாட்டின் பதிவு என்பதைப் பொறுத்து கிடைப்பதும் நிறைய மாறும். ஸ்காட்லாந்தில் 1855-இல் அரசுப் பதிவு தொடங்கியதிலிருந்தே இறப்புப் பதிவில்கூட இறந்தவரின் தாயுடைய பிறந்த வீட்டுப் பெயரைக் கேட்டு எழுதினார்கள், அதனால் அங்கே அம்மா வழி தேடுபவர்கள் கொடுத்துவைத்தவர்கள். இங்கிலாந்தில் அரசுப் பதிவு 1837 ஜூலையிலேயே வந்துவிட்டது, ஆனால் இறப்புப் பதிவில் பெற்றோர் பெயர் இருக்காது. பிறப்புப் பதிவின் பழைய அட்டவணையில் தாயின் பெயரைச் சேர்த்ததே 1911-இல்தான், அதற்கு முந்தைய வருடங்களுக்கு பதிவு அலுவலகம் பிற்காலத்தில் போட்ட ஆன்லைன் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். ஸ்பெயினிலும் ஸ்பானிய மொழி பேசும் பல நாடுகளிலும் பிள்ளைக்கு அப்பா பெயர், அம்மா பெயர் இரண்டுமே குடும்பப் பெயராக வருவதால் வேலை பாதியாகக் குறைந்துவிடும். கியூபெக்கின் கத்தோலிக்கப் பதிவேடுகளில் பெண்கள் சாகும்வரை பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதப்பட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1936-இலிருந்து சமூகப் பாதுகாப்பு எண் கேட்டு விண்ணப்பித்தவர் தன் தாயின் பிறந்த வீட்டுப் பெயரை முழுதாக எழுதித் தரவேண்டும். 1870-களில் பிறந்தவர்கள்கூட முதுமையில் இந்தப் படிவத்தை நிரப்பியிருக்கிறார்கள், அதுவும் தாங்களே கைப்பட. உங்கள் கொள்ளுப்பாட்டியோ அவருடைய அண்ணன் தம்பியோ அங்கே வேலை பார்த்திருந்தால் இதைத்தான் முதலில் கேட்டு வாங்குவேன்.

அதே அமெரிக்காவில் 1900, 1910 இரண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் ஒவ்வொரு தாயிடமும் எத்தனை பிள்ளை பெற்றாய், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். இங்கிலாந்தில் 1911-இல் கேட்டார்கள். பிறந்தது ஏழு, இருப்பது ஐந்து என்று எழுதியிருக்கிறது, உங்களுக்குத் தெரிந்தது நான்கு பேர் என்றால், தெரியாத இன்னொரு பிள்ளை எங்கோ வளர்ந்து, கல்யாணமாகி, வேறு பெயரில் வாழ்ந்திருக்கிறார். அவருடைய வம்சத்தில் ஒருவர் இன்று உங்கள் டிஎன்ஏ பட்டியலில் யாரென்று புரியாத பெயராக நின்றுகொண்டிருக்கக்கூடும்.

ஒரு இறப்புப் பதிவைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். எல்லோரும் பெயர், வயது, காரணம் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். கடைசிக் கட்டத்துக்குப் போங்கள்: தகவல் கொடுத்தவர் யார். அங்கே ஒரு ஆணின் பெயர், அதன் பக்கத்தில் 'மைத்துனர்' என்று இருக்கிறது, அந்தக் குடும்பப் பெயரை நீங்கள் இதுவரை எங்கேயும் பார்த்ததில்லை. இறந்தது கொள்ளுத்தாத்தா என்றால், இந்த மனிதர் கொள்ளுப்பாட்டியின் கூடப்பிறந்தவராக இருக்கலாம், அப்படியானால் அந்தக் குடும்பப் பெயர்தான் நீங்கள் தேடுவது. இறந்தது கொள்ளுப்பாட்டி என்றால், அவருடைய அக்கா தங்கையின் கணவராக இருக்கலாம், அப்படியானால் அவருடைய கல்யாணப் பதிவில் மணமகளின் அப்பா பெயர் இருக்கும், அவர்தான் கொள்ளுப்பாட்டிக்கும் அப்பா. கணவரின் தம்பியாக இருந்தால் பெயர் பழக்கமானதாகவே இருந்திருக்கும். ஒரே ஒரு கட்டத்திலிருந்து இரண்டு வழி திறக்கிறது, இரண்டுமே போய்ப் பார்க்கக்கூடிய வழி.

கல்யாணப் பதிவில் சாட்சிகள், ஞானஸ்நானப் பதிவில் ஞானப் பெற்றோர், இவர்களும் அப்படியே. மணமகன் பக்கம் ஒருவர், மணமகள் பக்கம் ஒருவர் என்று நின்றிருப்பார்கள், மணமகள் பக்கத்தவர் பெரும்பாலும் ரத்த உறவு. ஒரு எச்சரிக்கை: அவர் கணவனை இழந்து மறுமணம் செய்தவராக இருந்தால் பதிவில் இருப்பது முதல் கணவரின் பெயராக இருக்கும், அதைப் பிறந்த வீட்டுப் பெயர் என்று எடுத்துக்கொண்டு வேறு யாரோ ஒரு குடும்பத்தின் மரத்தை வருடக்கணக்கில் வளர்த்தவர்கள் உண்டு. விதவை என்ற குறிப்பு பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் மிகவும் நம்பும் பத்திரம் ஒன்று உண்டு, யாரும் தேடாதது: கல்யாணமாகாத அல்லது பிள்ளை இல்லாத பெரியம்மா, சித்தி, அத்தைகளின் உயில். பிள்ளைகள் இருக்கும் ஆண் உயில் எழுதினால் 'என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். பிள்ளை இல்லாத பெண் எழுதினால் ஒவ்வொரு அக்கா மகளையும் அண்ணன் மகளையும் பெயர் சொல்லி, யாருடைய மனைவி என்று சொல்லி, மோதிரம் இவளுக்கு, தையல் பெட்டி அவளுக்கு என்று எழுதியிருப்பார். ஒரு குடும்பத்தின் பெண்கள் அத்தனை பேரும் கல்யாணத்துக்குப் பிந்தைய பெயரோடு ஒரே தாளில் இருப்பது அநேகமாக அங்கே மட்டும்தான்.

இதெல்லாம் எங்கே கிடைக்கும் என்றால், ஃபேமிலிசர்ச் தளத்தில் தொடங்குங்கள், இலவசம். தங்களிடம் இருந்த சுமார் 24 லட்சம் மைக்ரோஃபிலிம் சுருள்களை முழுவதும் கணினியில் ஏற்றும் வேலையை 2021-இல் முடித்தார்கள். ஆனால் அதில் பெரும்பகுதிக்குப் பெயர் அட்டவணை சரியாக இல்லை, தேடல் பெட்டியில் வராது. ஊர் பெயரை வைத்து அந்தத் தளத்தின் பதிவேட்டுப் பட்டியலுக்குள் (கேட்டலாக்) போய், பதிவேட்டின் படங்களைப் பக்கம் பக்கமாகத் திருப்பத்தான் வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனாலும் மற்றவர்கள் போட்டு வைத்திருக்கும் குடும்ப மரத்திலிருந்து கொள்ளுப்பாட்டியின் பெற்றோரை அப்படியே நகல் எடுப்பதைவிட நூறு மடங்கு மேல். அந்த மரங்களில் ஒருவர் ஊகித்துப் போட்ட பெயரை நாற்பது பேர் நகல் எடுத்திருப்பார்கள், நாற்பது பேர் சொல்கிறார்களே என்று நாற்பத்தொன்றாவது ஆளும் நம்பிவிடுவார்.

சரி, இப்போது டிஎன்ஏ.

அம்மா வழி என்றதும் எல்லோரும் மைட்டோகாண்ட்ரியல் டிஎன்ஏ டெஸ்ட் வாங்க ஓடுகிறார்கள். காரணம் புரிகிறது. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற சின்ன உறுப்பில் இருக்கும் அந்தச் சின்ன டிஎன்ஏ வட்டம், 16,569 எழுத்துகள், அம்மாவிடமிருந்து மட்டும் பிள்ளைகளுக்கு வருகிறது. மகன், மகள் இருவருக்கும் வரும், ஆனால் மகள் மட்டும்தான் அடுத்த தலைமுறைக்குக் கடத்துவாள். உங்களிடம் இருப்பது கொள்ளுப்பாட்டியிடம் இருந்ததேதான், அவருடைய அம்மாவிடம் இருந்ததேதான். அப்படியென்றால் இதுதானே சரியான டெஸ்ட் என்று தோன்றும்.

பிரச்சினை என்னவென்றால் அது மிக மெதுவாக மாறுகிறது. முழு வரிசையும் எழுத்துக்கு எழுத்து பொருந்தும் இரண்டு பேருக்குப் பொதுவான பாட்டி நூறு வருடத்துக்கு முன்னால் இருந்திருக்கலாம், ஐந்நூறு வருடத்துக்கு முன்னாலும் இருந்திருக்கலாம். பட்டியலில் பத்து பேர் முழுப் பொருத்தத்தோடு வந்தாலும், ஒவ்வொரு தலைமுறையிலும் பெயர் மாறிவிட்டதால் அவர்களுடைய மரத்திலும் உங்கள் மரத்திலும் ஒரே பெயர் கண்ணில் படாது. ஹாப்லோகுரூப், அதாவது பழங்கால மூதாதை வழிக் குழு, என்று ஒரு எழுத்தும் எண்ணும் கொடுப்பார்கள், அது இன்னும் பழைய கதை. ஐரோப்பாவில் பத்தில் நான்கு பேர் எச் என்ற ஒரே பெரிய குழுவுக்குள் வருகிறார்கள், நீங்களும் எச், அவரும் எச் என்பதால் உறவு என்று சொல்லவே முடியாது. அந்த எழுத்து வித்தியாசமாக இருந்தால் மட்டும் ஒன்று நிச்சயம்: நேர் பெண் வழியில் சமீபத்திய உறவு கிடையாது.

கடைசியாகச் சொன்னதுதான் இந்த டெஸ்டின் பலம். தேடுவதற்கு அது மோசமான கருவி, ஒரு ஊகத்தைச் சரிபார்ப்பதற்கு மிக நல்ல கருவி. இதுவரை இதை வைத்துத் தீர்க்கப்பட்ட பெரிய வழக்குகள் பெரும்பாலும் அப்படித்தான் நடந்தன. 2012-இல் லெஸ்டர் நகரத்தில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் அடியில் எலும்புக்கூடு கிடைத்தபோது, அது 1485-இல் போரில் செத்த மூன்றாம் ரிச்சர்டு மன்னராக இருக்கலாம் என்ற ஊகம் முன்னாலேயே இருந்தது. அவருடைய அக்கா ஆன் வழியாக அம்மா, மகள், மகளின் மகள் என்று காகிதத்தில் நூல் பிடித்து வந்து, லண்டனில் மரச்சாமான் செய்யும் மைக்கேல் இப்சன் என்பவரை வரலாற்றாளர்கள் அடையாளம் காட்டியிருந்தார்கள். இப்சனின் முழு வரிசை எலும்பின் வரிசையோடு பொருந்தியது. அதே அக்காவின் வம்சத்தில் வேறு கிளையில் வந்த இன்னொரு பெண்ணுடையது ஒரே ஒரு எழுத்து மட்டும் மாறியிருந்தது. ஐந்நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் பெண்களின் வழி அறுபடாமல் நின்றிருக்கிறது. அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமை ஆண் வழியில் ஒப்பிட்டபோது பொருந்தவே இல்லை, இடையில் எங்கோ பதிவில் இருக்கும் அப்பா உண்மையான அப்பா இல்லை. அரச குடும்பம், எல்லாப் பதிவும் இருக்கும் குடும்பம், அதிலேயே இப்படி. இதைப் படித்த பிறகு அம்மா வழி பலவீனமான வழி என்று எனக்கு யாரும் சொல்ல முடியாது.

மறுக்கும் வேலைக்கு உதாரணம் அன்னா ஆண்டர்சன். ரஷ்யாவின் கடைசி ஜார் மன்னருடைய மகள் அனஸ்தாசியா நான்தான் என்று பல பத்து வருடம் சொல்லிக்கொண்டிருந்து 1984-இல் இறந்தார். 1994-இல், மருத்துவமனையில் பாதுகாக்கப்பட்டிருந்த அவருடைய திசுத் துண்டை இங்கிலாந்து இளவரசர் ஃபிலிப்போடு ஒப்பிட்டார்கள். ஏன் அவர்? அவருடைய அம்மாவின் அம்மா, அனஸ்தாசியாவின் அம்மாவுடைய கூடப்பிறந்த அக்கா. நேர் பெண் வழி. பொருந்தவில்லை. ஏற்கனவே சிலர் சந்தேகப்பட்டபடி, காணாமல் போன ஒரு தொழிற்சாலைப் பெண்ணின் அம்மா வழி உறவினரோடு பொருந்தியது. இங்கேயும் யாரோடு ஒப்பிட வேண்டும் என்பதை முடிவு செய்தது காகிதம்.

இதில் எனக்கு மனதுக்கு மிக நெருக்கமானது அர்ஜென்டினாவின் பாட்டிகள். 1976-இல் ராணுவ ஆட்சி வந்த பிறகு கைதான கர்ப்பிணிகளுக்குச் சிறையில் பிறந்த குழந்தைகளை வேறு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள், அம்மாக்களைக் கொன்றுவிட்டார்கள். பேரப்பிள்ளைகளைத் தேடி 1977-இல் பிளாசா டி மாயோ சதுக்கத்தில் கூடிய பாட்டிகள் விஞ்ஞானிகளிடம் கேட்ட கேள்வி இது: நடுவில் இருக்கும் அம்மாவும் அப்பாவும் இல்லாமல், எங்கள் ரத்தத்தை மட்டும் வைத்து எங்கள் பேரனை அடையாளம் காண முடியுமா? மேரி கிளேர் கிங் என்ற மரபியல் விஞ்ஞானி 1984-இலிருந்து அவர்களோடு வேலை செய்தார், 1987-இல் அவர்களுக்காகவே ஒரு தேசிய மரபணு வங்கி சட்டம் போட்டு உருவாக்கப்பட்டது. பாட்டியின் மைட்டோ டிஎன்ஏ மகளின் பிள்ளையிடம் அப்படியே இருக்கும் என்பது அங்கே பெரிய ஆயுதமானது. இதுவரை 130 பேருக்கும் மேல் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று நாம் ஆர்வத்துக்காகப் பயன்படுத்தும் முறைகளில் ஒரு பகுதி அந்தப் பாட்டிகள் பிடிவாதமாகக் கேட்டதால் வந்தது.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். தேடும் கருவி ஆட்டோசோமல் டெஸ்ட், அதாவது ஆன்செஸ்ட்ரி, மைஹெரிடேஜ், 23அண்ட்மீ போன்றவை விற்கும் சாதாரண டெஸ்ட். இது எல்லா வழியிலிருந்தும் வந்த டிஎன்ஏவைப் பார்க்கும், ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் சராசரியாகப் பாதியாகக் குறையும். உங்களிடம் கொள்ளுப்பாட்டியுடைய பங்கு எட்டில் ஒன்று. பாட்டியின் தங்கையிடம் இரண்டில் ஒன்று, அவர் நேர் மகள். அவர் இல்லாமல் போனால் அந்த அளவு தகவல் அப்படியே போய்விடும், பிறகு எந்தப் பணம் கொடுத்தாலும் திரும்ப வாங்க முடியாது. அதனால் உங்களுக்கு டெஸ்ட் வாங்கும் முன் அவருக்கு வாங்குங்கள். பாட்டியின் தம்பி இருந்தாலும் அவரும் அதே அளவு மதிப்பு, மைட்டோ உட்பட. ஆண் கடத்தமாட்டார் என்பதற்காக அவரிடம் இல்லை என்று ஆகாது.

வித்தியாசம் எவ்வளவு என்று எண்ணில் பாருங்கள். பகிர்ந்த டிஎன்ஏவை சென்டிமார்கன் என்ற அளவில் சொல்வார்கள், தாய்க்கும் பிள்ளைக்கும் சுமார் 3,400 இருக்கும். கொள்ளுப்பாட்டிக்கு ஒரு அக்கா இருந்தார், அந்த அக்காவின் பேத்தி ஒருவர் எங்கோ டெஸ்ட் எடுத்திருக்கிறார் என்று வையுங்கள். அவருக்கும் உங்கள் சின்னப்பாட்டிக்கும் சராசரியாக 430 அளவில் பொருந்தும். அவருக்கும் உங்கள் அம்மாவுக்கும் 220 போல. உங்களுக்கு 110 போல. நீங்கள் மட்டும் எடுத்திருந்தால் பட்டியலில் எங்கோ கீழே நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு நடுவில் இருந்திருப்பார். சின்னப்பாட்டியின் பட்டியலில் முதல் சில வரியிலேயே நிற்பார். இன்னும் ஒரு தலைமுறை தள்ளிப் போய் மூன்றாம் நிலை ஒன்றுவிட்ட உறவு என்றால் பத்தில் ஒருவருக்கு டிஎன்ஏ துளிகூடப் பொருந்தாமலே போகும், உறவு உண்மையாக இருந்தும்.

பட்டியல் வந்ததும் பெரிய எண்ணைப் பார்த்து உற்சாகப்பட்டு எல்லோருக்கும் செய்தி அனுப்பாதீர்கள். முதலில் பிரியுங்கள். சின்னப்பாட்டியின் பொருத்தங்களில் பாதி அவருடைய அப்பா வழி, அதாவது உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த குடும்பம். அந்த வழியில் தெரிந்த ஒருவர், கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் பேரன் மாதிரி யாராவது, டெஸ்ட் எடுக்கச் சம்மதித்தால் நல்லது. அவரோடும் சின்னப்பாட்டியோடும் சேர்ந்து பொருந்துபவர்களை ஒரு நிறம் போட்டு ஒதுக்குங்கள். மிச்சம் இருப்பவர்களில்தான் கொள்ளுப்பாட்டியின் பிறந்த வீடு இருக்கிறது. அவர்களுக்குள் யார் யாரோடு பொருந்துகிறார்கள் என்று குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் இரண்டு மூன்று பேருடைய மரத்தை நீங்களே கட்ட வேண்டும், அவர்கள் போட்டு வைத்ததை நம்பாமல். ஒருவருக்கொருவர் தெரியாத மூன்று பேருடைய மரம் ஒரே கணவன் மனைவியில் போய் முடிந்தால், அங்கே நில்லுங்கள். அந்தத் தம்பதிக்கு உங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயரில், ஏறக்குறைய அவர் வயதில், பிற்பாடு என்ன ஆனார் என்று தெரியாத ஒரு மகள் இருக்கிறாளா என்று பதிவேட்டில் பாருங்கள்.

இருந்தால், இப்போது மைட்டோ டெஸ்ட் எடுக்கும் நேரம். அந்தத் தம்பதியின் இன்னொரு மகள் வழியாக, மகளின் மகள் என்று இடையில் ஆண் குறுக்கிடாமல் வந்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். கடைசி ஆள் மட்டும் ஆணாக இருக்கலாம். அவருக்கும் சின்னப்பாட்டிக்கும் முழு வரிசை டெஸ்ட் எடுங்கள். ஆன்செஸ்ட்ரி மைட்டோவே தருவதில்லை, 23அண்ட்மீ ஹாப்லோகுரூப் மட்டும் சொல்லும், முழு 16,569 எழுத்தையும் பார்த்து மற்றவர்களோடு ஒப்பிடுவதற்கு ஃபேமிலிட்ரீடிஎன்ஏதான் வழக்கமாகப் போகும் இடம். பல எழுத்துகள் மாறியிருந்தால் அந்த ஊகத்தைக் கைவிடுங்கள், எவ்வளவு ஆசைப்பட்டுக் கட்டியதாக இருந்தாலும். முழுதாகப் பொருந்தினால், அதுவும் அரிதான வரிசையாக இருந்து பொருந்தினால், காகிதம், ஆட்டோசோமல், மைட்டோ மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன. அப்போதும் ஒரு சந்தேகத்தை மைட்டோ தீர்க்காது: அந்த வீட்டின் மூத்த மகளா இளைய மகளா, அல்லது சித்தி மகளா என்பதை. அவர்கள் எல்லோருக்கும் ஒரே வரிசைதான். அதற்குத் திரும்பவும் சென்டிமார்கன் எண்ணையும் வயதையும் பார்க்க வேண்டும்.

ஆட்டோசோமல் எண்களில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. சொந்தத்துக்குள்ளேயே பல தலைமுறையாகக் கல்யாணம் செய்துவந்த சமூகங்கள், சின்னத் தீவுகள், அஷ்கனாசி யூதர்கள் போன்றவர்களுக்கு எல்லோரும் எல்லோரோடும் பல வழியில் உறவு. அங்கே 110 என்ற எண், தூரத்து உறவு ஐந்தாறு வழியில் சேர்ந்து வந்ததாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட பின்னணி என்றால் மொத்த எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, பொருந்தும் துண்டுகளில் மிக நீளமானது எவ்வளவு என்று பாருங்கள். ஒரே துண்டு 40, 50 சென்டிமார்கன் நீளம் இருந்தால் சமீபத்திய பொது மூதாதை இருக்க வாய்ப்பு அதிகம். எல்லாம் ஏழு, எட்டு என்று பொடிப்பொடியாக இருந்தால் விட்டுவிடுங்கள். எக்ஸ் குரோமோசோமும் சில நேரம் உதவும். அப்பாவிடமிருந்து மகனுக்கு அது போகவே போகாது என்பதால், நல்ல நீளத்தில் ஒரு எக்ஸ் பொருத்தம் இருந்தால், வழியில் அப்பா, மகன் என்று அடுத்தடுத்து வரும் கிளைகளை எல்லாம் அடித்துவிடலாம்.

காகிதமும் டிஎன்ஏவும் முரண்பட்டால் உடனே லேப் தப்பு என்று நினைக்காதீர்கள். அம்மா வழியில் மிகச் சாதாரணமாக நடப்பது இது: முதல் மனைவி பிரசவத்தில் இறந்துபோவார், அப்பா ஒரு வருடத்தில் மறுமணம் செய்வார், குழந்தை சித்தியையே அம்மா என்று சொல்லி வளரும், கல்யாணப் பதிவிலும் அவர் பெயரையே கொடுக்கும். பிறந்த தேதிக்கும் பெற்றோரின் கல்யாணத் தேதிக்கும் பொருந்தாத இடம் இருந்தால் முதலில் இதைத்தான் பாருங்கள். கல்யாணமாகாத மகள் பெற்ற பிள்ளையைப் பாட்டி தன் கடைசிப் பிள்ளையாக எழுதி வைத்ததும் பல குடும்பங்களில் உண்டு. நாற்பத்தேழு வயதில் ஒரு பிள்ளை, முந்தைய பிள்ளைக்கும் இதற்கும் பத்து வருட இடைவெளி என்றால் யோசியுங்கள். இந்த வழக்கில் மைட்டோ எதையும் காட்டிக்கொடுக்காது, பாட்டிக்கும் மகளுக்கும் ஒன்றுதானே.

அதனால்தான் டெஸ்ட் எடுக்கும் முன் சின்னப்பாட்டியிடம் வெளிப்படையாகப் பேசுங்கள் என்று வற்புறுத்துவேன். எதிர்பாராத அப்பா, யாருக்கும் தெரியாத கூடப்பிறந்தவர் என்று ஏதாவது வரலாம், வந்தால் உங்களுக்குத் தெரியட்டுமா, உங்களிடம் சொல்லட்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு முழுதாக உண்டு. தகவல் எங்கே போகும் என்பதையும் சொல்லுங்கள். 2023-இல் 23அண்ட்மீ கணக்குகளுக்குள் திருடர்கள் நுழைந்து சுமார் 69 லட்சம் பேருடைய தகவல் வெளியே போனது, 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. ஜிஇடிமேட்ச் போன்ற தளங்களில் இருந்த சாதாரண மக்களின் டிஎன்ஏவை வைத்துத்தான் 2018-இல் கலிஃபோர்னியாவில் ஒரு பழைய கொலையாளியைப் போலீஸ் பிடித்தது. பிரான்சில் இந்த மாதிரி ஆர்வத்துக்காக எடுக்கும் டெஸ்டே சட்டப்படி குற்றம், அபராதம் உண்டு. சின்னப்பாட்டி இருக்கும் நாட்டின் சட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முடிவு வந்ததும் மூலக் கோப்பை இறக்கி உங்களிடம் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் சம்மதித்தால் தள்ளிப்போடாதீர்கள். வயதானவர்களுக்குக் குழாயில் எச்சில் நிரப்புவது கஷ்டம், மருந்துகளால் வாய் உலர்ந்திருக்கும், பாதியில் சோர்ந்துவிடுவார்கள். கன்னத்தின் உள்பக்கம் குச்சியால் தேய்த்து எடுக்கும் கிட் தரும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள், எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் சாப்பிடாமல் குடிக்காமல் இருந்தால் போதும். அந்த அரை மணி நேரத்தில் அவருடைய அம்மா வீட்டில் யார் யார் வந்து போவார்கள், கல்யாணங்களுக்கு எந்த ஊருக்குப் போவார்கள், அம்மா யாரை அக்கா என்று கூப்பிடுவார் என்று கேட்டு, போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஊர் பெயர் ஒன்று கிடைத்தாலே எந்தப் பதிவேட்டின் பக்கங்களைத் திருப்புவது என்று தெரிந்துவிடும்.